பாக்கியத்தின் ப

ஷார்ஜா. அபு ஷகாராவில் பழைய கார் விற்கும் தெருவுக்குப் பின்னால்
மூன்றாம் மாடியில் ஒரு பல் கிளினிக்.
வழி கேட்கிறவர்களிடம்
"ஷவர்மா கடை, அதுக்கு மேலே நீலக் கண்ணாடி" என்பேன்.
கதவெண்ணை நம்பி இங்கே யாரும் எங்கேயும் போவதில்லை.

வந்த வாரம் பச்சைத் தண்ணீருக்கென்று
நீலக் குழாயைத் திருகிக் கையைச் சுட்டுக்கொண்டேன்.
ஜூனில் சிவப்புதான் குளிரும் என்றாள் மாரிவிக்,
பல் துலக்கியபடி, சிரிக்காமல்.
மொட்டைமாடித் தொட்டி பகலெல்லாம் கொதிக்கும்;
அணைத்துப் போட்ட ஹீட்டருக்குள்தான் நிழல்.
அப்போதே யோசித்திருக்க வேண்டும்,
என் பெயருக்கும் இதுதான் நடக்கப்போகிறதென்று.

பாஸ்போர்ட்டில் இனிஷியலுக்கு இடமில்லை.
பே. செண்பகவடிவு என்று
பன்னிரண்டு வகுப்பும் ஒரு புள்ளிக்குப் பின்னால்
ஒடுங்கிக் கிடந்தவர்
விசாத் தாளில் கைகால் நீட்டினார்.
லேபர் கார்டில் என்னை முந்தினார்.
சட்டையில் குத்திய பட்டையில்
நானே இல்லை:
பேச்சிமுத்து.

"பேச்சிமுத்து, அடுத்த பேஷண்ட்!"
"பேச்சிமுத்து, எக்ஸ்ரே எங்கே?"
"யா பேச்சிமுத்து, சாயா வந்துதா?"
டாக்டர் முக்தாருக்கு அலெக்ஸாந்திரியா,
கடற்கரை ஆட்களின் குரல்.
எங்களை விட்டுவிட்டுப் போன மனிதரை
ஒரு நாளைக்கு நாற்பது தடவை கூப்பிடுகிறார்.
நாற்பது தடவையும் நான்
"எஸ் டாக்டர்" என்று எழுந்து நிற்கிறேன்.

அவர் வாயில் பல்லின் ப கிடையாது.
பாக்கியத்தின் ப மட்டும்தான்.
பெப்சி, பார்க்கிங், பேச்சிமுத்து
எல்லாம் அந்த அதிரும் உதட்டில்தான்.
திருத்தலாமே என்று மருந்துச் சீட்டின் பின்பக்கம்
எழுதிக் காட்டப் போனேன்.
என்னத்தை எழுத?
நம்மிடம் இரண்டுக்கும் ஒரே வீடு.
அவருடைய பிழை
தமிழில் பிழையே இல்லை.

வேர்ச் சிகிச்சைக்கு நான்கு முறை வந்த அம்மாள் ஒருவர்.
படிவம் நிரப்பிய மகன்
பெயர் என்ற கட்டத்தில் பேனாவை நிறுத்தி
சுற்றிலும் உட்கார்ந்திருந்த ஆண்களைப் பார்த்தான்.
"உம்மு கல்ஃபான் என்று போட்டுக்கொள்ளுங்கள்."
கல்ஃபானின் அம்மா.
அவன்தான் கல்ஃபான்.
அடையாள அட்டையைக் கவிழ்த்தே நீட்டினான்.
பெயரை வாய்க்குள் வைத்துப் பூட்டுவது
எங்கள் தெரு வழக்கம் மட்டும்தான் என்றிருந்தேன்.

அம்மா பெயர் பாக்கியம்.
கடையத்தில் பீடி சுற்றுகிறாள்.
அப்பா பெயரை அவள் சொல்லி யாரும் கேட்டதில்லை.
ரேஷன் கடையில், பஞ்சாயத்து ஆபீசில்
"புள்ளை சொல்லும்" என்று என்னை முன்னால் தள்ளுவாள்.
முதலில் அது மரியாதை.
அந்த ஆவணிக்குப் பிறகு வேறொன்று.
வாய் மட்டும் அதே மாதிரி மூடியிருந்தது.

போன வியாழக்கிழமை அவள் லைனில் இருக்கும்போது
உள்ளேயிருந்து டாக்டர் கத்திவிட்டார்.
அந்தப் பக்கம்
இலை வெட்டும் கத்தரிச் சத்தம் நின்றது.

"யாரு அது?"
"டாக்டர்ம்மா. என்னத்தான் கூப்பிடுதாரு."
"என்னன்னு?"

நான் சொல்லவில்லை.
அவர் மறுபடியும் கத்தினார், இன்னும் நீட்டி,
மீன்காரர் படகைக் கூப்பிடுகிற மாதிரி.

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
"இது வேற ஆளுல்லா" என்றாள்.
பிறகு சொல்லிப் பார்த்தாள்,
தெரியாத ஊரின் பஸ் போர்டைப்
படிக்கிறவள்போல, எழுத்தெழுத்தாக,
முழுசாக.

எழுதினால் உங்களுக்குத் தெரியாது:
தன் பெயரின் முதல் எழுத்தை வைத்துத்தான்
சொன்னாள்.

பழக்கதோஷம்,
நான் எழுந்து நின்றுவிட்டேன்.