எடைச்சீட்டு

செவ்வாய்தோறும் மிஸ்ஸி நோராய்னி வருவார்.
லங்காப் பக்கம் தோட்டத்தில் பிறந்தவர்,
மலாய்க்காரர், நம் தமிழை
உடைத்து உடைத்து முழுசாய்ப் பேசுவார்.
விரல்களைத் தன் கழுத்தில் வைத்துச் சூடாக்கிக்கொண்டுதான்
துர்வேஷைத் தொடுவார்.

ஈப்போவில் சொல்லிவிட்டார்கள்:
"இனி வீட்லயே பாத்துக்கலாம்."
அந்தச் சொல்லுக்குள்
ஊசி இல்லாத ஊசிக்குழாய் ஒன்று இருந்தது,
ஒரு நோட்டு, இரவு இரண்டு மணி,
மோர்ஃபின் ஒன்றரை மில்லி,
கசப்பு போக ஒரு வாய் மைலோ.

நான் செம்பனை ஆலையில் எடைமேடைக் கிராணி.
லோரி ஏறும், எண் விழும், சீட்டுக் கிழிப்பேன்.
பதினெட்டு வருஷம், ஒரு கிலோ தப்பியதில்லை.

"இப்ப எத்தன கிலோ?"
மருந்தைக் கூட்ட மிஸ்ஸிக்கு அது வேண்டும்.
அவனைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறினேன்,
பிறகு நான் மட்டும்.
கழித்தால் பதினாலு.
போன தீபாவளிக்கு இருபத்திரண்டு என்று
நோட்டு சொன்னது, நாங்கள் சொல்லவில்லை.

"அப்பா வேல எடத்துல போட்டாத்தான் சரியா வரும்" என்றான்.

ஞாயிறு. பீடோர் ரோட்டில் லோரி இல்லை.
நேப்பாளி காவலர் கேட்டைத் திறந்து
தொப்பியைக் கழற்றினார்.
வேண்டாம், போட்டுக்கொள்ளுங்கள் என்று கை காட்டினேன்.

மிஸ்ஸியின் பழைய வீவா மேடையில் ஏறியது,
பின்சீட்டில் அவன், பக்கத்தில் ஆக்ஸிஜன்.
தொள்ளாயிரத்து அறுபது.
விமலேஸ்வரி அவனை மட்டும் அள்ளிக்கொண்டு
மேடையை விட்டு இறங்கினாள்.
தொள்ளாயிரத்து அறுபது.
திரையைத் தட்டினேன்.
இருபது இருபதாய்த்தான் அதற்கு எண்ணத் தெரியும்,
இது எனக்குத் தெரிந்த விஷயம்தான்.

அவனுக்குச் சிரிப்பு வந்தது, இருமல் வந்தது,
மறுபடி சிரிப்பு.
"மிஷினுக்கு என்னத் தெரியல!"

சீட்டு வேணுமாம்.
லோரி எண் இருக்கிற இடத்தில் பெயரை அடித்தேன்.
சரக்கு என்ற இடத்தில் விரல் நின்றது.
"டுரியான்னு போடுங்கப்பா. மூசாங் கிங்."
போட்டேன்.
நிகர எடை: பதினாலு டன்.
கையெழுத்தும் போட்டேன்.

மூன்று படி வரும்.
மஞ்சள் லோரிக்காரனுக்கு, அதை அவன் வாங்கிக்கொண்டான்.
மற்ற இரண்டும் கோப்பில் இருக்கின்றன;
மாசக் கடைசியில் கணக்கு இடிக்கும்.

இரவு இரண்டு மணி.
தலையணைக்கடியில் மஞ்சள் முனை தெரிந்தது.
ஒன்றரையை இரண்டாக்கச் சொல்லியிருந்தார் மிஸ்ஸி.
குழாயை விளக்குக்கு நேரே பிடித்து
கோட்டைப் பார்த்தேன்.
இன்னொரு தடவை பார்த்தேன்.