ஒரு விரல் அகலம்

எலியின் மூளையை
வெங்காயத் தோலைவிட மெல்லிசாக அரிந்து
கண்ணாடியில் ஒட்டிச் சாயம் விட்டால்
பச்சைப் பச்சையாய் மினுங்கும் அமிலாய்டு.
விஷமில்லை, வெறும் புரதம்.
தப்பாக மடிந்து, ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு
நரம்புகளுக்கு நடுவே திட்டுத்திட்டாய் உட்கார்ந்துவிட்டது.
வைகையில் ஆகாயத்தாமரை மாதிரி என்பேன்.
செல்லூர்ப் பக்கம் பாலத்தில் நின்று பார்த்தவர்களுக்கு
அதற்குமேல் விளக்க வேண்டாம்.

அதை அள்ள வருவது ஆன்டிபாடி.
படம் போட்டால் கவட்டைக்கம்பு போலிருக்கும்.
நான்கு வாரத்துக்கொரு தரம்
அண்ணா நகர் கிளினிக்கில்
கை நரம்பு வழியாகச் சொட்டுச் சொட்டாய்.
பாதிப் பேருக்கு மருந்து
பாதிப் பேருக்கு உப்புநீர்.
யாருக்கு எதுவென்று எனக்கும் தெரியக் கூடாது.
தாளில் பெயரும் கூடாது.

0417
தல்லாகுளம் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம்
ட்ரங்க் கால் போட்டுக் கொடுத்தவர்.
கடிகாரம் வரையச் சொன்னேன்.
வட்டம் சுத்தமாக வந்தது.
பன்னிரண்டு எண்களும் வலது ஓரத்தில்
ரேஷன் கடை வரிசைபோல் நெருக்கியடித்து நின்றன.
இன்று என்ன கிழமை?
சிரித்தார்.
உசிலம்பட்டி பஞ்சு மில்லுக்கு என்ன நம்பர்?
நான் கேட்கவே இல்லை. அவரே சொன்னார்.

அருள்தங்கம், அருள்தங்கம் என்று
கணவர் சவரிமுத்து
வராந்தாவில் கூப்பிட்டுக்கொண்டே வருவார்.
திரும்ப மாட்டார்.
ஒருநாள் வாய் தவறி
நாலு ஒன்று ஏழு என்றேன்.
சட்டென்று திரும்பினார்.
அன்று மதியம் சாப்பாடு இறங்கவில்லை எனக்கு.

ஏழாவது டோஸுக்குப் பிறகு எம்.ஆர்.ஐ.யில்
கடுகுப் பொட்டாய் இரண்டு கசிவு.
மூன்று மாதம் நிறுத்தினோம்.
மறுபடி தொடங்கினோம்.
கையெழுத்து வாங்கும்போது சவரிமுத்துவிடம்
எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன்.
பதினாலு பக்கம்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு
எங்கே போடணும் என்று மட்டும் கேட்டார்.

பதினெட்டு மாதம் முடிந்து
உறை பிரித்தார்கள்.
0417-க்கு உப்புநீர் இல்லை, மருந்துதான்.
புது ஸ்கேனில் திட்டு ஒன்றுகூட இல்லை.
படத்தைப் பார்த்து
நாங்கள் கைதட்டியது உண்மை.

ஞானஒளிவுபுரத்திலிருந்து பஸ் மாறி வந்தவர்களை உட்காரவைத்து
வரைபடத்தைக் காட்டினேன்.
மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு,
இரண்டும் இறங்கிக்கொண்டுதான் இருந்தன.
நடுவே ஒரு விரல் அகலம்.
அதுதான் எங்கள் வெற்றி.
சராசரியாகச் சொன்னால், என்றேன்,
ஒரு ஆறு மாதம் மிச்சம்.

சவரிமுத்து வெகுநேரம் பார்த்தார்.
'தாமரையை அள்ளியாச்சு சரி,
தண்ணி வரலையே' என்று
என் உவமையை எனக்கே திருப்பித் தருவார் என்று
பதில் தயாரித்து வைத்திருந்தேன்.
அவர் அதைக் கேட்கவில்லை.
'அந்த ஆறு மாசம் எப்போங்க டாக்டர்?
வந்துட்டுப் போயிருச்சா,
இல்ல இனிமேதானா?
முன்னாடியே சொல்லியிருந்தா
லீவு போட்டு வீட்டுல இருந்திருப்பேன்.'

அருள்தங்கம் காதருகே கையை வைத்து
என்னைப் பார்த்துச் சொன்னார்:
'லைன்லயே இருங்க.'

இருந்தேன்.
கரண்ட் போய் ஜெனரேட்டர் உறுமி
மைனஸ் எண்பது ஃப்ரீசர் கத்தி ஓய்ந்தது.
சாயங்காலம் படிவத்தில்
பங்கேற்பாளர் எழுப்பிய ஐயங்கள் என்ற கட்டத்தில்
அவர் கேட்டதைத் தமிழிலேயே எழுதினேன்.
கம்பெனிக்காரர்கள்
மொழிபெயர்க்கச் சொல்லி
இன்னும் கேட்கவில்லை.