சொல்ல விட்டது

நாலடி பதினோரு அங்குலம் நான்.
எந்த வண்டியில் ஏறினாலும்
பெருவிரல் நுனியால் தரையைத் தேடுகிறவள்.
இதில் இரண்டு பாதமும் முழுசாய்ப் பதிந்தன.
வாங்குவதற்கு வேறு காரணம் யோசிக்கவில்லை.

யமஹா என்டைசர், இரண்டாயிரத்து நாலு.
பலாச்சுளை மாதிரி டாங்க்,
மாட்டுக்கொம்பாய் வளைந்த ஹேண்டில்,
குளச்சல் உப்பு தின்ற ஸ்போக்குகள்.
ஸ்டெல்லஸ் பஹ்ரைனுக்குப் போக ஆறு நாள் இருந்தது.
இருபத்தெட்டு என்றார். இருபத்திரண்டில் நின்றேன்.
இருபதை எண்ணிக் கொடுத்து
மீதி ரெண்டு ஆர்.சி. பேர் மாறின பிறகு என்றேன்.
"சிஸ்டர் சொன்னா சரி" என்று
படிவங்களில் கையெழுத்துப் போட்டார்.
நான் சிஸ்டர் இல்லை.
தக்கலை ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிற லேப்காரி.
திருத்தாமல் சாவியை வாங்கிக்கொண்டேன்.

முதல் வாரமே போன்.
"சிஸ்டரே, ஒண்ணு சொல்ல விட்டுப்போச்சு.
பச்ச லைட்ட நம்பாதிய.
ரெண்டாம் கியர்லயும் எரியும்."
அன்று காலையில்தான்
திங்கள்நகர் ரவுண்டானாவில்
பச்சை விளக்கோடு ஒரு பாய்ச்சல் பாய்ந்து
மரச்சீனி வண்டிக்காரரிடம்
வாங்கவேண்டியதை எல்லாம் எனக்கு வாங்கித் தந்திருந்தது.

அடுத்த வாரம்,
"பெட்ரோல் முள்ளு பாதியில நிக்கும்.
எப்பவும் பாதிதான்."
அது இரணியல் பாலத்தில்
உருட்டிக்கொண்டு ஏறியபோது தெரிந்தது.

நாலு நாள் கடல், ஒரு ராத்திரி கரை.
அந்த ராத்திரிக்கு ஒரு பாவம்.
நான் ரோமன் சபை இல்லை,
ஆனாலும் பாவசங்கீர்த்தனம் கேட்டேன்.
கேட்டதற்கெல்லாம் விலைபோட்டு
இரண்டாயிரத்தில் கழித்தேன்.

நெய்யூர் ஷிபின் கார்புரேட்டரைத் திறந்தான்.
"ஸ்லோ ஜெட்டு அடஞ்சு கெடக்கு.
எளவு, பின்ன எப்பிடி நிக்கும் ஐடிலிங்?"
கிளட்ச் கேபிளின் ஒற்றை இழையால் குத்தி
வெயிலுக்கு எதிரே பிடித்து
ஒரு பொட்டு வானம் தெரிகிறவரை ஊதினான்.
டாங்கில் பழைய நட்டுகளைப் போட்டு
இரண்டுபேரும் மாறி மாறிக் குலுக்கினோம்.
கருப்பட்டிக் காப்பி நிறத்தில்
பத்தொன்பது வருஷம் வடிந்தது.

ஒன்றை மட்டும் அவர் சொல்லவே இல்லை.
இடதுபக்கம் ஒடித்தால் ஹார்ன் தானாய் அடிக்கும்.
ஆஸ்பத்திரி வாசல் இடதுபக்கம்.
ராத்திரி டூட்டிக்கு நுழையும்போதெல்லாம்
தூக்கத்தில் எழுந்து சல்யூட் அடித்தார் வாட்ச்மேன்.
"கழுத்துக்கிட்ட வயரு தோலு உரிஞ்சு
பாடியில முட்டுது. அம்பது ரூவா காரியம்"
என்றான் ஷிபின். டேப்பைச் சுற்றினான்.
ஒன்பது வருஷம் ஓட்டினவர்,
ஐம்பது ரூபாய்க்கா கஞ்சன்?

ஆர்.சி. வந்தது.
கழித்தது போக நூற்று முப்பத்தைந்து.
அதைப் போனில் அனுப்ப வெட்கமாயிருந்தது.
ஞாயிறு மத்தியானம் குளச்சல்.
அவர் வீட்டுச் சந்து, இடதுபக்கம்.
திரும்பினேன். சத்தமில்லை.
கதவு சாத்தியிருந்தது. மூன்றுமுறை தட்டினேன்.
ஈரக்கையோடு திறந்த ஜெனிட்டா
முதலில் வண்டியைப் பார்த்தாள்.

"திரும்பச்சில ஹார்ன் கேக்குமே.
கேட்டதும் தொறந்துருவேன்.
அதனால பெல்லே வைக்கல இந்த வீட்டுல."

"சரியாக்கிட்டேன்" என்றேன்.

"பின்ன. வித்த வண்டிதான."

கணக்குச் சீட்டு ஜீன்ஸ் பையிலேயே இருந்தது.
இரண்டாயிரமாய்க் கொடுத்தேன்.
நின்றபடியே எண்ணினாள்.
ஒரு நோட்டு கிழிசல், மாற்றித் தரச் சொன்னாள்.
மாற்றினேன்.

ரீத்தாபுரம் தாண்டி
இரண்டு இருமல் இருமி நின்றது வண்டி.
முள் பாதியில்.
இரண்டு பாதமும் ஊன்றி
குனிந்து ரிசர்வுக்குத் திருகும்போது
போன் அடித்தது. பஹ்ரைன்.
"சிஸ்டரே..."

"இருங்க" என்றேன்.
"எனக்கும் ஒண்ணு சொல்ல விட்டுப்போச்சு."