ஒன்று போனாலும்

ஆவணியில் ஒரு டிஸ்க் செத்தது.
சாகுமுன் மூன்று நாள் டிக் டிக் என்றது,
பல்லி என்று நினைத்துவிட்டேன்.
பதினோரு கல்யாணம், இரண்டு சாந்தி,
கோவிலூரில் எடுத்த ஒரு காதுகுத்து
எல்லாம் உள்ளேயே நின்றுவிட்டன.
காதுகுத்துக்காரர் மட்டும் பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை.
"பிள்ளைக்குத்தான் காது இருக்கே, தோடும் இருக்கே" என்றார்.

செக்காலை ரோட்டில் ஜமீல் கடை.
நாலு டிஸ்க் கேட்டேன், இரண்டுதான் கொடுத்தான்.
"மிச்சத்தை வேற கடையில வாங்குங்கக்கா,
ஒரே ஈட்டு இட்லி ஒண்ணாத்தான் ஊசிப்போகும்."
இப்படி வியாபாரம் பண்ணுகிறவனை
நம்பாமல் என்ன செய்வது.
மற்ற இரண்டும் மதுரையிலிருந்து
கண்டக்டர் மடியில் வந்தன.

நான் குடியிருப்பது பள்ளத்தூரில்,
ஏழு பங்கு வீடொன்றின் பின்கட்டில், வாடகைக்கு.
முன்கட்டில் ஓர் அறைக்கு ஏழு பூட்டு,
பங்குக்கு ஒன்று.
ஒரு சாவி ஈப்போவில்.
ஒரு சாவி யாரோ யார்மேலோ கொண்ட கோபத்தில்.
ஐந்து சாவி கையில் இருந்தும் கதவு கதவாகவே இருக்கிறது.
எந்த ரெய்டு, என்று கணினி கேட்டது.
சைபரா, ஒன்றா, ஐந்தா?
சைபர் அந்த அறைதான்:
வேகம் உண்டு, ஒருவர் முறைத்தால் எல்லாம் போச்சு.
ஐந்தைத் தொட்டேன்.

ஐந்து, மொய் நோட்டுக் கணக்கு.
ஒரு தொகையில் எண்ணெய் சிந்தி அழிந்தாலும்
அடியில் கூட்டு இருந்தால் போதும்,
மற்றதைக் கழித்து
அழிந்தவர் எவ்வளவு வைத்தார் என்று சொல்லிவிடலாம்.
அந்தக் கூட்டையும் ஒருவரிடமே கொடுப்பதில்லை,
நாலும் மாற்றி மாற்றிச் சுமக்கும்.
நாலுக்குக் காசு கொடுத்தேன், மூன்றின் இடம்தான் எனக்கு.

சேர்ந்து முடிக்கப் பதினான்கு மணி நேரம் என்றது.
ஒரு திருகாணி கட்டிலுக்கடியில் உருண்டது,
இன்னும் அங்கேதான்.
அறுபத்திரண்டு சதவீதத்தில் கரண்ட் போனது.
பராமரிப்பு நாளைக்கு என்று போட்டிருந்தார்கள்,
இன்றைக்கே பராமரித்துவிட்டார்கள்.
யுபிஎஸ் பதினெட்டு நிமிடம் கத்தியது.
பத்தொன்பதாவதில் மின்விசிறி அசைந்தது.

மறுநாள், ஓடும்போதே
இரண்டாவது டிஸ்க்கை உருவிப் பார்த்தேன்.
மூலையில் மஞ்சள் எச்சரிக்கை.
திரையிலோ கண்டனூர்க் கல்யாணம், திருப்பூட்டும் நேரம்.
நாதஸ்வரம் ஒருமுறை மூச்சு முட்டியது, அவ்வளவே.
இல்லாத டிஸ்க்கின் பங்கையும்
இருக்கிற மூன்றும் கணக்குப் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தன.
தனியாக உட்கார்ந்து கைதட்டினேன்.

தீபாவளிக்கு முந்தின வாரம் ஒரு பெண் பேசினாள்.
பேரை மாற்றிச் சொல்கிறேன், சிகப்பி.
ஊரைச் சொல்லப்போவதில்லை.
"அக்கா, என் வீடியோ இருக்கா?"
"ஒரு டிஸ்க் செத்தாலும் சாகாது" என்று
ஜமீல், இட்லி, மொய் எல்லாம் ஆரம்பித்தேன்.
"அழிச்சிருங்க" என்றாள்.
"சாமான் பரப்புனது மட்டும் வேணும்,
வக்கீல் கேக்குறார்."

ஒரு டிஸ்க் போனால் தாங்குகிற அடுக்குக்கு
போ என்றால் ஏன் என்று கேட்கத் தெரியாது.
நாலும் ஒரே நொடியில் மறந்தன.
கூட்டும் தன்னைத் திருத்திக்கொண்டது.

மிச்சம் நாற்பது நிமிடம்.
எவர்சில்வர், பித்தளை, மங்குச் சாமான்,
ஊறுகாய் ஜாடி, தையல் மிஷின், பதினாறு தலையணை.
கேமராவை மெதுவாகத்தான் நகர்த்தியிருக்கிறேன்,
எண்ணுவதற்கு வசதியாக.
முப்பத்தோராம் நிமிடத்தில் ஒரு வெள்ளிக்குடம்.
அதன் வயிற்றில் கேமராவோடு நான்,
என் தோளுக்குப் பின்னால்
எதற்கோ வாய்விட்டுச் சிரிக்கும் ஒரு பெண், வளைந்து.

இதை வெட்டவா என்று கேட்கக் கூப்பிட்டேன்.
மணி போய்க்கொண்டிருக்கிறது.