ஏழாம் இருக்கை

ஒரே பேருந்துதான்.
ஆறே முக்காலுக்கு மேட்டுப் பள்ளிப் பிள்ளைகள்,
எட்டுக்கு லாக்வுட் தெருப் பிள்ளைகள்.
டொலீடோ நகரம் டீசலை அப்படித்தான் மிச்சம்பிடிக்கிறது.

மேட்டில் ஒருவன் ஷூ லேஸ் கட்டும்வரை நிற்பேன்.
அவன் அம்மா வாசலிலிருந்து கையசைப்பாள்.
அந்தக் கையசைப்பின் நீளத்துக்கு
லாக்வுட்டில் பிள்ளைகள் பனியில் நிற்கிறார்கள்.

நாளுக்குப் பதினொரு நிமிடம்.
வருடத்துக்கு நூற்றெண்பது நாள்.
சிவப்பு விளக்கில் நின்றபடி பெருக்கிப் பார்த்தேன்:
முப்பத்து மூன்று மணி நேரம்.
நாங்கள் போய்ச் சேரும்போது
காலை உணவு ஜன்னலைச் சாத்தியிருப்பார்கள்.
கெஞ்சினால் பால் கிடைக்கும்.

ஏழாம் இருக்கையில் முதலில் அனலீஸ்.
பிறகு ட்ரெமெய்ன்.
ஒருநாள் அவள் மறந்துவிட்டுப் போன புத்தகம், ஆக்டோபஸ் பற்றியது,
நான் எடுத்து வைக்கவில்லை.
விதிப்படி அது தப்பு.
உதடசைத்து உதடசைத்துப் படித்தான்.
"மிஸ் வெர்னா, இதுக்கு மூணு இதயமாம்!"
"ஒண்ணை நம்ம எஞ்சினுக்குக் கேட்டு வாங்கு" என்றேன்.
இறங்குமுன் பிரட் உறையைக் கிழித்து அடையாளம் வைத்தான்.
மறுநாள் அனலீஸ் அதைத் தொடவில்லை;
தன் ரிப்பனையும் உள்ளே வைத்துவிட்டு இறங்கினாள்.

மார்ச்சில் மூன்றாம் வகுப்பு வாசிப்புத் தேர்வு.
அன்று மேட்டில் டயர் வழுக்கியது.
லாக்வுட்டில் கதவைச் சாத்தி
முதல் பத்தியை முடித்திருந்தார்கள்.
பாடம் எதைப் பற்றி என்று மாலையில் கேட்டேன்.
"பனிச்சறுக்கு லிஃப்ட். அப்படின்னா என்ன?"
எனக்கும் தெரியவில்லை.

செய்தித்தாளில் வரைபடம் வந்தது.
மேடு பச்சை, எண்பத்தொன்று.
லாக்வுட் சிவப்பு, இருபத்து மூன்று.
ஆற்றுக்கு இந்தப் பக்கம் மூளை குறைவென்று
யாரும் எழுதவில்லை.
வண்ணம் மட்டும் தீட்டினார்கள்.

வழியைத் திருப்பி ஓட்டட்டுமா என்று எழுதிக் கொடுத்தேன்.
கூட்டத்துக்கு மேட்டிலிருந்து நாற்பது பேர்:
அலுவலகம் எட்டுக்கு, என்ன செய்வோம் என்றார்கள்.
பொய்யில்லை.
லாக்வுட்டிலிருந்து ஒருத்தி, பேக்கரிச் சீருடையோடு.
அவள் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள்
ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது.

இன்னும் அதே வழிதான்.
ரிப்பன் நாற்பத்தொன்றாம் பக்கத்தில்.
பிரட் உறை அறுபத்து நான்கில்.

பதிவேட்டில் தாமதத்துக்குக் காரணம் எழுத
இரண்டு விரல் அகலக் கட்டம்.
'பனி' என்று எழுதினால் நிரம்பிவிடுகிறது.
மே மாதத்திலும் அதையே எழுதுகிறேன்.
இதுவரை
யாரும் கேட்கவில்லை.