எந்த ஹோக்னி?

பாம்பு இல்லாத தீவுகள் எங்களுடையவை.
புல் உண்டு, ஆடு உண்டு,
பக்கவாட்டில் பெய்யும் மழை உண்டு.
ஃபியோர்டு நடுவே தீவனப் படகின் மேலறையில்
ஒரே ஒரு கணினிக்குள் மட்டும்
நான்கு மலைப்பாம்புகள்.

ஒன்று கணினியோடு கூடப் பிறந்தது.
ஒன்றை ஏய்துன் கொண்டுவந்தான்,
வேலை மாறிப் போனபோது
காலுறைகளோடு அதையும் விட்டுப் போனான்.
மூன்றாவது, கோடைக்கு வந்த மாணவி
சுன்னேவாவின் பெருமூட்டை:
ஒரு வரைபடம் போட மூன்று ஜிபி.
நான்காவது எப்படி வந்தது?
யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

இரவு இரண்டு பத்து.
திரையில் ஊர்ந்து வந்த ஆறாம் கூண்டின் ஆக்சிஜன் கோடு
சட்டென்று நின்றது,
வாக்கியத்தின் நடுவில்
சொல்ல வந்ததை மறந்தவர் போல.

நூலகத்தைக் காணவில்லை என்றது பைத்தான்.
நிறுவச் சொன்னேன்.
ஏற்கெனவே இருக்கிறதே என்றது பிப்.
இல்லை என்றது அது.
இருக்கிறது என்றது இது.
கடவுளை வைத்து இதே வழக்கு
எங்கள் வீட்டில் ஞாயிறு மதியங்களில் நடக்கும்.
அங்கேயும் இருவரில் யாரும்
பொய் சொன்னதில்லை.

பாதைக் கோப்பைத் திறந்தேன்.
வந்தவரெல்லாம் தன்னுடையதையே
வரிசையின் தலையில் செருகியிருந்தார்கள்,
கப்பல் துறையில் காரின் மூக்கை நுழைப்பதுபோல.
பைத்தான் என்று கூப்பிட்டால்
முன்னால் நிற்பது திரும்பிப் பார்க்கும்;
பிப் என்று கூப்பிட்டால்
வேறொன்றின் வேலையாள் ஓடிவருவான்,
வாங்கிய சாமானை
வேறொரு வீட்டில் இறக்கிவைப்பான்.

தும்மாஸுக்குப் போன் செய்தேன்.
"எல்லாத்தையும் அழிச்சிடு" என்றான், பாதித் தூக்கத்தில்.
கூடப் பிறந்ததை அழித்தால்
கணினியே எழுந்திருக்காது.
அவனுக்குத் தெரியாது.
எனக்கும் போன வருடம்வரை தெரியாது.
அந்தக் கதை வேண்டாம்.

கைமீட்டரோடு நடைபாலத்தில் இறங்கினேன்.
கயிறு வழுக்கியது. தலைவிளக்கின் வட்டத்தில்
சால்மன்கள் ஒரே பக்கமாய்ச் சுற்றிக்கொண்டிருந்தன,
பதிப்பு எண் எதுவும் இல்லாமல்.
ஏழு புள்ளி ஒன்பது.
மூச்சு இருக்கிறது அவற்றுக்கு.
எனக்கும் வந்தது.

திரும்பிவந்து ஈரச் சட்டைக்கையோடு உட்கார்ந்தபோது
மேசையில் பிரிக்காத பார்சல் ஒன்று:
ரப்பர் பூட்ஸ். ஹோக்னிக்கு.
படகில் மூன்று ஹோக்னி.
கரையில் இருக்கும் அஞ்சல்காரி ஒருநாளும்
எந்த ஹோக்னி என்று கேட்டதில்லை,
எந்த வீடு என்றுதான் கேட்பாள்.
ஓடைக்கரை ஹோக்னி,
சர்ச்சுக்குப் பின்னால் ஹோக்னி,
மேல்வீட்டு ஹோக்னி.
யாரும் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை.
யாரையும் தீவைவிட்டு அனுப்பவும் இல்லை.

ஆக்சிஜன் நிரலுக்குத் தனியாக
ஒரு சிறு வீடு கட்டினேன்.
மெய்நிகர் சூழல் என்பது அதன் படித்த பெயர்.
அதற்கென்று ஒரு பாம்பு, அதற்கென்று ஒரு வேலையாள்,
நூலகங்கள் அதன் அலமாரியிலேயே,
பதிப்பு எண்களை ஆணி அடித்து.
நிரலின் முதல் வரியில்
முழு முகவரி, தெருமுதல் கதவுவரை.
மற்றவை அப்படியே கிடக்கட்டும்.

மூன்று இருபத்தாறுக்குக் கோடு மறுபடி நடந்தது.
இடையில் எழுபத்தாறு நிமிடப் பள்ளம்.
நேர்க்கோடு இழுத்து அதை மூட ஒரு கட்டளை உண்டு.
மூடவில்லை.
கைமீட்டர் சொன்ன எண்ணை
நடுவே ஒற்றைப் புள்ளியாக வைத்தேன்.

அப்புறம், தூக்கம் வராததால்,
நான்காவதின் கோப்புறையைத் திறந்து பார்த்தேன்.
இரண்டு வருடத்துக்கு முந்தைய நவம்பர்.
இரவு இரண்டே முக்கால்.
நிறுவியவர்: ரன்வோ.

இந்தப் படகில் ரன்வோ ஒருத்திதான்.
எந்த வீடு என்று
கேட்கவும் வழியில்லை.