எட்டாத எட்டு

கிளாக்ஸ்விக்கில் டிசம்பர் என்றால்
மூன்று மணிக்கே விளக்கு.
சங்கக் கட்டிடத்து மாடியில் ஆறு பலகை, ஆறு கடிகாரம்,
காயாத கம்பளிகளின் ஆட்டு வாடை.

கடலுக்கடியில் இரண்டு சுரங்கம் கடந்து
வந்து உட்காருகிறான் ரோக்வி, வங்கிக்காரன்.
நான்கு வருடமாக என்னைத் தோற்கடிப்பவன்,
அதுவும் மெதுவாக,
முள்ளெடுத்துத் தின்பவன் போல.

இன்றும் வெள்ளை அவனுக்கு.
இன்றும் ராணியின் சிப்பாய் இரண்டு கட்டம்.
கையைத் துடைத்துக்கொண்டு
(விடியும்வரை எத்தனை சால்மன் என்று கேட்காதீர்கள்)
என் ராஜாவின் சிப்பாயை
அதன் வாய்க்கு வாகாக வைத்தேன்.
இந்தா, சும்மாதான், எடுத்துக்கொள்.

கணக்கில் சேராத பணத்தைக் கண்டவன்போல்
என்னைப் பார்த்தான், பலகையைப் பார்த்தான்,
எடுத்தான்.

என் குதிரை. அவன் குதிரை.
ராணியை ராஜாவின் முன்னால் நிறுத்தினேன்,
சொந்த மந்திரிக்கே வழி மறித்து.
பக்கத்துப் பலகையில் எங்கள் தலைவி பெர்க்லியோட்
கண்ணை மூடிக்கொண்டாள்.

அவன் மந்திரி வெளியே வந்தான். என் ராணி பக்கவாட்டில் பாய்ந்து, செக்.
மந்திரி திரும்பி ஓடி மறைக்க
மூலையருகே நின்ற சிப்பாயை விழுங்கினேன்.

மூன்று மாதம், இரவு ஷிஃப்டின் இடைவேளைகளில்
ஐஸ் பெட்டி மூடிமேல் ஒத்திகை பார்த்தது
இந்த இடம்வரைதான்.
இனி அவன் மந்திரியைத் தூக்கினால்
எட்டாவது நகர்வில் மேட்.
குதிரையைத் தூக்கினால்
எனக்கு ஒன்றும் தெரியாது.

விரல்கள் மந்திரியின் தலைக்குமேல் நின்றன.
தொட்டால் நகர்த்தியே ஆகவேண்டும்.
இருபத்தாறு நிமிடம்.
ஜன்னலில், துறைமுகத்துப் படகொன்று
விளக்கணைக்க மறந்து மிதந்தது.
ஆசை முகத்துக்கு ஏறாமலிருக்க
பதின்மூன்றாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தேன்.
நூற்றுநான்கு வந்தபோது
விரல் விலகியது.

குதிரை.

பயமுறுத்தலாமென்று அலமாரிக்குள் ஒளிந்தவளை
யாருமே தேடி வராத மாதிரி ஒரு மௌனம்.
பிறகு என்ன, ராணியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.
முப்பத்துநான்கில் கைகொடுத்தேன்.
"யார் சொல்லித் தந்தது?" என்றான், காபியை ஊதியபடி.
நானேதான் என்றேன்.
நம்பவில்லை.

ஜனவரியில் பெர்க்லியோட் சொன்னாள்:
தெற்குத் தீவில் ரோக்வி கறுப்பு ஆடினானாம்.
எதிரே யாரோ ஒரு பையன்.
கொடுத்ததை எடுத்தானாம், மந்திரியைத் தொட்டானாம்.
எட்டே நகர்வு.
மொத்த அறையும் எழுந்து வந்து பார்த்ததாம்.

மீன்மேல் ஐஸ் அள்ளிப் போட்டபடி கேட்டேன்.
கையுறைக்குள் விரல்கள் தாமாகவே
அதை ஒருமுறை ஆடி முடித்தன.

"உனக்குக் கோபமே வராதா?" என்றாள்.

கடைசிக் கட்டத்தில் ராணியை
எப்படி வைத்தான்,
தட்டி வைத்தானா, மெதுவாகவா,
அதை மட்டும் விசாரித்துச் சொல்லென்றேன்.